கையை விட்டால் என்ன ஆகும்? இழுவைப் பட்டத்தைப் பாராமோட்டார் இறக்கையாக மாற்றுவது பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

கடற்கரையில் மூன்று சக்கர வண்டியையும் அலைப்பலகையையும் இழுத்துச் செல்லும் பெரிய துணிப் பட்டத்தைப் பார்த்தவர்களுக்கு, மலைச்சரிவிலிருந்து மனிதர் தொங்கிப் பறக்கும் துணி இறக்கையான பாராகிளைடர் நினைவுக்கு வராமல் இருக்காது. இரண்டிலும் மேல்துணி, கீழ்த்துணி, நடுவே அறைகளைப் பிரிக்கும் விலாத்துணி. முன்விளிம்பில் திறப்பு, உள்ளே புகுந்து இறக்கையை விறைப்பாக நிறுத்தும் காற்று. மூங்கிலோ கம்பியோ எதுவும் இல்லை. நெய்யப்படும் நைலானும் கயிறாகும் டைனீமாவும்கூட ஒரே வகைதான். ஓசோன் போன்ற நிறுவனங்கள் பட்டம், பாராகிளைடர், முதுகில் மோட்டாரைக் கட்டிப் பறக்கும் பாராமோட்டார் இறக்கை ஆகிய மூன்றையுமே செய்து விற்கின்றன. அதனால், பட்டம் ஒன்றைக் கையில் வைத்திருப்பவர் முதுகில் கட்டும் மோட்டார் ஒன்றையும் வாங்கிவிட்டால், அடுத்த கேள்வி தானாகவே எழுகிறது: இதையே தலைக்கு மேல் விரித்துப் பறந்தால் என்ன?

கேட்கத் தகுந்த கேள்வி இது. இதற்கு வழக்கமாகக் கிடைக்கும் பதில் 'செத்துப் போவாய்' என்ற ஒரு வரி. கேட்டவரை அது நிறுத்துவதில்லை. காரணம் சொல்லாத தடை யாரையும் நிறுத்தாது. ஆகவே ஒரு குறிப்பிட்ட நேர்வை எடுத்துக்கொண்டு, எண்களோடு, கடைசிக் கப்பிவரை பார்த்துவிடலாம்.

நேர்வு இது. 21 சதுர மீட்டர் பரப்புள்ள, அறைகளால் ஆன இழுவைப் பட்டம். மெல்லிய காற்றில் ஓட்டுவதற்காகச் செய்யப்படும் பட்டங்களில் இந்த அளவு உண்மையிலேயே விற்பனைக்கு வந்திருக்கிறது. ஜெர்மனியின் ஃப்ளைசர்ஃபர் நிறுவனத்தின் ஸ்பீடு வரிசை அதற்குப் பெயர் பெற்றது. பறப்பவரின் எடை 75 கிலோ என்றும், எரிபொருளோடு மோட்டார் 30 கிலோ என்றும், இறக்கை 5 கிலோ என்றும் வைத்துக்கொள்வோம். மொத்தம் 110 கிலோ. பாராமோட்டார் இறக்கைகள் பெரும்பாலும் 20 முதல் 30 சதுர மீட்டர் வரை இருப்பதால், பரப்பை மட்டும் பார்த்தால் இந்தப் பட்டம் அந்த வரிசையிலேயே உட்கார்ந்துவிடுகிறது.

பழைய உறவு

பாராகிளைடரே ஒரு பட்டத்தின் வழித்தோன்றல்தான். அமெரிக்காவின் புளோரிடாவில் பட்டங்களும் பலூன்களும் செய்துவந்த டொமினா ஜால்பர்ட், 1964-இல் பாராஃபாயில் என்ற அமைப்பை உருவாக்கினார். 1966-இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. காற்றே எலும்பாக நிற்கும் துணி இறக்கை என்பது அவருடைய வடிவம். அது முதலில் பட்டமாகவும், பிறகு சதுரப் பாராசூட்டாகவும் பயன்பட்டது. 1978-இல் பிரான்சின் மியுஸி என்ற மலையூரில் ஜான்-கிளோட் பெதாம் முதலிய பாராசூட் வீரர்கள் அந்தச் சதுரப் பாராசூட்டை விரித்துக்கொண்டு சரிவில் ஓடிக் கிளம்பினார்கள். பாராகிளைடிங் என்ற விளையாட்டு வேர்பிடித்தது அங்கேதான்.

மனிதனைத் தூக்கும் பட்டம் அதற்கும் முந்தியது. பிரிஸ்டல் நகர ஆசிரியர் ஜார்ஜ் போகாக், பட்டம் இழுக்கும் வண்டிக்கு 1826-இல் காப்புரிமை வாங்கியவர். தம் மகள் மார்த்தாவை நாற்காலியில் அமர்த்திப் பட்டத்தால் எண்பது மீட்டருக்கும் மேலே தூக்கியவரும் அவரே. பின்னாளில் கிரிக்கெட் வீரர் டபிள்யூ. ஜி. கிரேஸுக்குத் தாயானவர் அந்த மார்த்தா. சாமுவேல் கோடி 1903-இல் பட்டம் இழுத்த படகில் ஆங்கிலக் கால்வாயைக் கடந்தார். 1907-இல் தம் பட்டம் ஒன்றில் சிறு எஞ்சினைப் பொருத்தி ஆளில்லாமல் சோதித்தார். 1908 அக்டோபர் 16 அன்று பார்ன்பரோவில், பிரிட்டனின் முதல் எஞ்சின் விமானப் பறப்பை நிகழ்த்தினார். பட்டத்துக்கும் மோட்டாருக்கும் உள்ள உறவு நூறாண்டு கடந்தது. ஆனால் இந்த வரலாற்றைத் துணைக்கு அழைப்பவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை: ஒவ்வொரு கட்டத்திலும் துணியின் வடிவம் கொஞ்சமாகவும், கயிறுகளின் அமைப்பு முழுமையாகவும் மாறியிருக்கிறது.

எண்கள் தடுக்கவில்லை

110 கிலோவை 21 சதுர மீட்டரால் வகுத்தால், சதுர மீட்டருக்கு 5.2 கிலோ இறக்கைச் சுமை. தூக்குக் கெழு (இறக்கை எவ்வளவு திறமாகத் தூக்குகிறது என்பதன் அளவு) 0.6, கடல்மட்டக் காற்று என்று கொண்டால் பறக்கும் வேகம் வினாடிக்கு 12 மீட்டர், அதாவது மணிக்கு 43 கிலோமீட்டர். பின்விளிம்பை இழுத்துத் தூக்குக் கெழுவைத் தாராளமாக 1.2 வரை கொண்டுபோக முடிந்தால், குறைந்தபட்ச வேகம் மணிக்கு 30 கிலோமீட்டர். முதுகில் முப்பது கிலோவோடு ஓடும் ஒருவர் வினாடிக்கு 5 அல்லது 6 மீட்டர் எட்டுவார். எதிர்க்காற்று 3 மீட்டர் கிடைத்தால் கால் தரையை விட்டு எழும்பிவிடும். புதிதாகக் கற்பவருக்குச் சற்று வேகம்தான், அனுபவசாலிக்குப் புதியதில்லை.

உந்துவிசையும் போதும். சறுக்கு விகிதம் (ஒரு மீட்டர் இறங்குவதற்குள் எத்தனை மீட்டர் முன்னே போகும் என்பது) 5 என்று குறைத்தே மதிப்பிட்டாலும், மட்டமாகப் பறக்க 110-ஐ 5-ஆல் வகுத்த 22 கிலோ உந்துவிசையே தேவை. இன்றைய மோட்டார்கள் 50 முதல் 80 கிலோ வரை தருகின்றன. 52 கிலோ கொடுத்தால் மிச்சமிருக்கும் 30 கிலோ, வினாடிக்கு மூன்று மீட்டருக்குச் சற்று அதிகமாக மேலே ஏற்றும்.

இதே கணக்கை 12 சதுர மீட்டர் பட்டத்துக்குப் போட்டால் கதை மாறும். இறக்கைச் சுமை 9 கிலோவைத் தாண்டும். பறக்கும் வேகம் மணிக்கு 56, குறைந்தபட்ச வேகம் 40 கிலோமீட்டர். இறங்கும்போது அந்த வேகத்தில் ஓடி நிற்க யாராலும் முடியாது. ஆகவே சிறிய பட்டங்களை இங்கேயே ஒதுக்கிவிடுகிறேன். 21 மீட்டர் பட்டம்தான் கடினமான கேள்வி. கணக்கு அதைத் தடுப்பதில்லை; ஆசையைத் தூண்டுகிறது.

வலிமை

'கயிறு அறுந்துவிடும்' என்பது பலரும் முதலில் சொல்லும் பயம். ஐரோப்பியத் தரமான இ.என். 926-1, பாராகிளைடரின் அனுமதிக்கப்பட்ட அதிகபட்ச எடையைப்போல் எட்டு மடங்குச் சுமையை இறக்கை தாங்க வேண்டும் என்கிறது. பாராமோட்டார் இறக்கைகளை விற்கும் நிறுவனங்கள் பலவும் இதே சுமைச் சோதனையைச் செய்துகாட்டுகின்றன. நம் நேர்வில் எட்டு மடங்கு என்பது 880 கிலோ.

பட்டத்தை ஓட்டுநரோடு இணைக்கும் நான்கு கயிறுகளில் முன்கயிறு இரண்டும் தலா 300 கிலோ, பின்கயிறு இரண்டும் தலா 200 கிலோ தாங்கும் என்று வைத்தால், கூட்டுத்தொகை 1,000. தேறியதுபோல் தெரிகிறது. ஆனால் சுமை சமமாகப் பிரிவதில்லை. முன்கயிறுகள் 70 விழுக்காட்டைச் சுமந்தால் எட்டு மடங்கில் அவற்றின் பங்கு 616 கிலோ, இருப்பதோ 600. முடிச்சும் உப்பும் மணலும் வெயிலும் அந்த 600-ஐயும் குறைத்திருக்கும். அன்றாடப் பறப்பில் இவ்வளவு சுமை வராது என்பது உண்மை. 60 பாகை சாய்ந்த திருப்பத்தில் எடை இரு மடங்குதான் ஆகும். கயிற்றைத் தடிமனாக மாற்றுவதும் எளிது. ஆகவே வலிமை தீர்க்கக்கூடிய சிக்கல். இதைத் தீர்த்துவிட்டதும் எல்லாம் தீர்ந்துவிட்டது என்று நம்பிவிடுவதுதான் ஆபத்து.

முச்சையும் கப்பியும்

பட்டத்தின் உடலில் பல இடங்களில் கட்டி ஓரிடத்தில் கூட்டும் கயிற்றை யாழ்ப்பாணத்தில் முச்சை என்பார்கள், தமிழ்நாட்டில் சூத்திரம். முச்சை ஒரு விரற்கடை பிசகினாலும் பட்டம் குத்தியடிக்கும் என்பது பட்டம் கட்டிய சிறுவர்களுக்கெல்லாம் தெரியும். இழுவைப் பட்டத்தின் முச்சை மிக நுட்பமானது. நேர்வின் உயிரே இங்கேதான் இருக்கிறது.

பாராகிளைடரில் கயிறுகள் முன்னிருந்து பின்னாக ஏ, பி, சி என வரிசைகளாக இறங்குகின்றன. ஒவ்வொரு வரிசையும் ரைசர் எனப்படும் தடித்த பட்டைக்கு வந்து, அங்கிருந்து பறப்பவரைத் தாங்கும் பட்டை இருக்கையான ஹார்னஸில் இரு பக்கமும் கொக்கியில் மாட்டப்படுகிறது. வரிசைகளின் நீளம் நிலையானது. இறக்கையின் தாக்குகோணத்தை, அதாவது எதிர்வரும் காற்றுக்கு அது எவ்வளவு சாய்ந்து நிற்கிறது என்பதை, அந்த நீளமே தீர்மானிக்கிறது. கையில் இருப்பது பின்விளிம்பை மடக்கும் பிரேக் மட்டும்.

பட்டத்தில் அப்படியில்லை. ஏ வரிசை முன்கயிற்றில் நிலையாகக் கட்டப்பட்டிருக்கும். பி, சி வரிசைகளும் பின்விளிம்பு வரிசையும் கப்பிகளின் வழியாகப் பின்கயிற்றோடு இணைந்திருக்கும். கையிலுள்ள தண்டை இழுத்தால் பின்விளிம்பு முழு அளவும், சி அதைவிடக் குறைவாகவும், பி இன்னும் குறைவாகவும் கீழே வரும். இறக்கை முழுவதும் ஏ வரிசையை அச்சாகக் கொண்டு திரும்பித் தாக்குகோணம் கூடும். தண்டைத் தள்ளினால் எதிர்மாறாக நடந்து இழுவை வடிந்துவிடும். பலத்த காற்று வீசும்போது ஓட்டுநரைக் காப்பாற்றுவது இதுதான். பயந்தால் தண்டை விடு. பட்டம் பல்லில்லாமல் ஆகிவிடும். அதற்கும் மேலே ஆபத்து என்றால் அவசரக் கொக்கியைத் தட்டிவிட வேண்டும். பட்டம் ஒற்றைக் கயிற்றில் கொடிபோலத் தொங்கித் தரையில் விழும். தரையில் நிற்பவருக்கு இதைவிட நல்ல பாதுகாப்பை யாராலும் வடிவமைக்க முடியாது.

இதே பாதுகாப்பை நூறு மீட்டர் உயரத்துக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். பாராகிளைடரில் குழப்பம் வந்தால் கற்றுக்கொடுக்கப்படும் முதல் பாடம் 'கைகளை மேலே விடு'. பிரேக் தளர்ந்ததும் இறக்கை தன் இயல்பான தாக்குகோணத்துக்குத் திரும்பி, தானே பறக்கத் தொடங்கும். பட்டத்தில் கையை விட்டால் பி-யும் சி-யும் தளர்ந்துவிடும். 110 கிலோவும் ஏறக்குறைய ஏ வரிசையில் மட்டும் தொங்கும். தாக்குகோணம் சரியும். பிறகு இரண்டில் ஒன்று நடக்கும்: பின்விளிம்பு மேல்நோக்கி வளைந்த துண்டுவடிவம் (இறக்கையின் குறுக்குவெட்டு வடிவம்) காப்பாற்றி, இறக்கை மிகுந்த வேகத்தில் மூக்குக் குத்தி ஒரு நிலைக்கு வரும், அல்லது முன்விளிம்புக்கு மேலிருந்து காற்றுப் பட்டு, இறக்கை முழுவதும் முன்பக்கமாக மடியும். தரையில் ஓட்டுநரைக் காப்பாற்றிய அதே இயக்கம், அதே கப்பி வழியாக, வானத்தில் அவரை விழச்செய்கிறது.

என் முடிவு முழுவதும் இந்த ஒரு வேறுபாட்டில்தான் நிற்கிறது. பட்டம் கைவிட்டால் அடங்கும்படி கட்டப்பட்டது. பறப்பவனின் இறக்கை கைவிட்டால் பறக்கும்படி கட்டப்பட்டது. துணியில் எந்த வித்தியாசமும் தெரியாததால்தான் இது கண்ணுக்குப் படுவதில்லை.

கையை விடாமலே பறப்பேன் என்று சொல்பவருக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. சுமையில் 30 விழுக்காடு பின்கயிறுகளில் விழுந்தால், 110 கிலோவில் அது 33 கிலோ. நேரான பறப்பில்கூட அதைக் கைகள் இடைவிடாமல் தாங்க வேண்டும். திருப்பத்தில் அது இரட்டிக்கும். எஞ்சின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலைப் பிடிக்கவும், எரிபொருளைப் பார்க்கவும், அவசரப் பாராசூட்டை இழுக்கவும் வேண்டிய கையும் அதே கைதான்.

இதை உணர்ந்தவர்கள் அடுத்துச் செய்வது, தண்டைக் கழற்றிவிட்டுப் பின்கயிறுகளை ஹார்னஸிலேயே கட்டிவிடுவது. கப்பிகளை ஒரு நிலையில் பூட்டியாயிற்று, தாக்குகோணம் நிலைத்துவிட்டது, பார்க்கப் பாராகிளைடர்போல் ஆகிவிட்டது. எந்த நிலையில் பூட்டுவது? பட்டம் உச்சிக்குப் போய் அமைதியாக நிற்கும் நிலை ஒரு நல்ல தொடக்கம். உச்சியில் நிற்கும் பட்டமும் சறுக்கும் இறக்கையும் காற்றைப் பொறுத்தவரை ஏறக்குறைய ஒரே நிலையில் இருப்பவை. ஆனால் அங்கே கயிற்றில் இருக்கும் இழுவிசை சில கிலோ மட்டும். 110 கிலோ தொங்கும்போது கயிறு நீளும், துணியும் இழுபடும், ஏ ஒருவிதமாகவும் சி ஒருவிதமாகவும். டைனீமா காலப்போக்கில் சுருங்கவும் செய்யும். பட்டக்காரர்கள் கப்பி அமைப்பின் நீளங்களை அவ்வப்போது அளந்து சரிசெய்வது இதனால்தான். தரையில் இரண்டு சென்டிமீட்டர் பிசகு என்றால் பட்டம் சற்றுப் பின்வாங்கி நிற்கும். தலைக்கு மேலே அதே பிசகு, புறப்படும் ஓட்டத்தில் இறக்கையை ஸ்டாலுக்கு, அதாவது தூக்குவிசையை இழக்கும் நிலைக்கு, அருகிலேயே வைத்திருக்கும்.

இன்னொன்றும் போய்விடுகிறது. கப்பியைப் பூட்டியபின் திருப்புவது எதனால்? பல பட்டங்களில் தனியான பிரேக் என்று ஒன்றே கிடையாது, பின்கயிறுதான் எல்லாம். அதைப் பூட்டிவிட்டால் பின்விளிம்புக்குத் தனியாகப் பிரேக் கயிறு பின்னிக் கட்ட வேண்டும். எந்த அறைக்கு எவ்வளவு இழுப்பு என்பது தையல்காரரின் ஊகம் அல்ல. இறக்கை வடிவமைப்பாளர்கள் மாதக்கணக்கில் பறந்து பார்த்துத் தீர்மானிக்கும் விஷயம்.

நீளக் கயிறும் மோட்டாரும்

பட்டத்தின் பறப்புக் கயிறு இருபது மீட்டருக்கும் மேல் இருக்கும். முச்சையும் சேர்ந்தால் 25 மீட்டர் என்று கொள்ளலாம். பாராமோட்டாரில் தலைக்கும் துணிக்கும் உள்ள தூரம் சுமார் 7 மீட்டர். கயிற்றை அப்படியே விட்டால் காற்றுத்தடை கூடிவிடும் என்று சொல்வார்கள். இரண்டு மில்லிமீட்டர் கயிறு நான்கு, 25 மீட்டர் நீளம், வினாடிக்கு 12 மீட்டர் வேகம் என்று போட்டுப் பார்த்தால் தடை இரண்டு கிலோவுக்கும் குறைவு. அது பொருட்டல்ல.

ஊசலாட்டம்தான் பொருட்டு. எளிய ஊசலாக எண்ணினால் 7 மீட்டரில் ஓர் ஆட்டத்துக்கு 5.3 வினாடி, 25 மீட்டரில் 10 வினாடி. முழு த்ராட்டிலில் மிச்ச உந்துவிசை 30 கிலோ என்று முன்பு பார்த்தோம். 105 கிலோ தொங்கும் உடலை அது செங்குத்திலிருந்து ஏறக்குறைய 16 பாகை முன்னே தள்ளும். அந்த நொடியில் எஞ்சின் நின்றால் உடல் பின்னே ஊசலாடும். 7 மீட்டர் கயிற்றில் அதன் உச்ச வேகம் வினாடிக்கு 2.3 மீட்டர், 25 மீட்டர் கயிற்றில் 4.4 மீட்டர். உடல் பின்னே போகும்போது இறக்கை முன்னே பாய்கிறது, தாக்குகோணம் குறைகிறது. பாராமோட்டார்க்காரர் அனிச்சையாகப் பிரேக்கைத் தொட்டு அதைத் தடுப்பார். பட்டம் அந்த இடத்தில் ஏற்கெனவே குறைந்த தாக்குகோணத்தில் பறந்துகொண்டிருக்கும். பறப்பவரின் கை இன்னும் பழைய பழக்கத்தில் தண்டைத் தள்ள நினைக்கும். எஞ்சின் நிற்பது அபூர்வமான நிகழ்வல்ல. இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின் எப்போது வேண்டுமானாலும் நிற்கலாம் என்று எண்ணிப் பறப்பதே இந்த விளையாட்டின் அடிப்படை ஒழுக்கம்.

சரி, நீளக் கயிற்றைக் கழற்றிவிட்டு முச்சையின் நுனியை நேராக ஹார்னஸில் மாட்டலாமா? அதுவும் ஆகாது. நீளக் கயிறு இருக்கும்போது இடது முச்சையும் வலது முச்சையும் வானத்தில் ஒன்றைவிட்டு ஒன்று விலகி நிற்கும். இறக்கையின் வளைவு அந்த இடைவெளியை நம்பி வெட்டப்பட்டது. ஹார்னஸின் கொக்கிகளுக்கு நடுவே அரை மீட்டர்தான் இருக்கும். இரு முச்சைகளையும் அங்கே கூட்டினால் இறக்கையின் நுனிகள் உள்ளே இழுக்கப்பட்டு, வளைவு கூடி, நடுப்பகுதி குறுக்கும் நெடுக்கும் சுருங்கும். இடையில் சில மீட்டர் கயிறு விட்டே ஆக வேண்டும். எவ்வளவு என்பது பட்டத்துக்குப் பட்டம் மாறும்.

மோட்டாரின் முறுக்குவிசையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பெரிய விசிறி ஒரு பக்கம் சுழல, ஹார்னஸ் மறுபக்கம் திருக விரும்பும். பாராமோட்டார் ஹார்னஸில் கொக்கிகளின் இடைவெளியும் சமன்செய்யும் பட்டைகளும் அதைத் தாங்குகின்றன. நீளமான, நெருக்கமான கயிறுகளில் தொங்கும் உடலோ திருகிக்கொண்டே போகும். கயிறுகள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டால் பின்கயிற்றை இழுத்தாலும் பயனில்லை.

வால்வுகள்

நீர்மேல் ஓட்டும் அறைப் பட்டங்களில் பெரும்பாலானவை மூடிய அறை கொண்டவை. முன்விளிம்புத் திறப்புகளில் ஒருவழி வால்வுகள் இருக்கும். கடலில் விழுந்தாலும் காற்று வெளியேறாது, தண்ணீர் உள்ளே புகாது. அதன் விலை, நிரம்புவதற்கு ஆகும் நேரம். கடற்கரையில் அதை ஓரமாக நிறுத்தி, காற்று ஊதி நிரப்பட்டும் என்று காத்திருப்பார்கள். பாராமோட்டார்க்காரர் காற்றில்லாத விடியலில் பத்தடி ஓடுவதற்குள் இறக்கை தலைக்கு மேல் நிரம்பி நிற்க வேண்டும். மூடிய அறைப் பட்டம் அந்த ஓட்டத்தில் பாதி நிரம்பிய பையாகவே எழும். பனிக்கும் நிலத்துக்கும் செய்யப்படும் திறந்த அறைப் பட்டங்களில் இந்தச் சிக்கல் இல்லை. ஆனால் 21 சதுர மீட்டர் அளவில் அவை அரிது. முன்னோக்கி ஓடிக் கிளம்ப ஏ ரைசரைத் தனியாகப் பிடித்து இழுக்கவும் வேண்டும். பட்டத்தில் அப்படியொரு பிடியே கிடையாது.

மடிப்பு நிகழ்ந்தால் வால்வுகள் இன்னொரு வகையில் எதிரியாகும். திறந்த அறையில் மடிந்த பக்கம் காற்றைக் கொட்டிவிட்டு மறுபடி நிரம்பும். மூடிய அறையில் காற்று உள்ளேயே சிக்கிக்கொள்ள, மடிந்த நுனி கயிறுகளுக்கு நடுவே புகுந்து அங்கேயே விறைத்து நிற்க வாய்ப்புண்டு.

நாசா செய்த அதே மாற்றம்

பட்டத்தை மனிதன் பறக்கும் இறக்கையாக்கும் முயற்சியை, ஆவணங்களோடும் பொறியாளர்களோடும் செய்த ஒரு நிகழ்வு இருக்கிறது. பிரான்சிஸ் ரோகல்லோவும் அவர் மனைவி கெர்ட்ரூடும் 1948-இல் உருவாக்கிய வளையும் பட்டத்தை, விண்கலத்தைத் தரையிறக்கும் இறக்கையாகப் பயன்படுத்தலாமா என்று நாசா ஆராய்ந்தது. கலிபோர்னியாவின் எட்வர்ட்ஸ் தளத்திலிருந்த பறப்பு ஆராய்ச்சி மையத்தில், ஏழு வாரத்தில், 4,280 டாலர் செலவில் பாராசெவ் என்ற எளிய வாகனத்தைக் கட்டினார்கள். மூன்று சக்கரச் சட்டகம், அதன் மேல் துணி இறக்கை. எஞ்சின் இல்லை. முதலில் வறண்ட ஏரிப்படுகையில் வண்டியால் தரையோடு இழுத்தார்கள்; பிறகுதான் விமானத்தால் மேலே இழுத்தார்கள்.

விமானியாக மில்டன் தாம்சன் இருந்தார். எக்ஸ்-15 ராக்கெட் விமானத்தையும் பின்னாளில் ஓட்டியவர். அப்படிப்பட்டவர்களுக்கே பாராசெவ் முரட்டுக் குதிரையாக இருந்தது. 1962 மார்ச்சில், வண்டியால் இழுக்கப்பட்ட பறப்பு ஒன்றில் புரூஸ் பீட்டர்சனின் கையில் அது பக்கவாட்டில் ஆடத் தொடங்கியது. அவர் திருத்தத் திருத்த ஆட்டம் பெருகி, சுமார் மூன்று மீட்டர் உயரத்திலிருந்து மூக்குக் குத்தி விழுந்தது. விழுந்ததற்குக் காரணம் கிழிந்த துணியோ அறுந்த கம்பியோ அல்ல. கையின் அசைவுக்கும் இறக்கையின் மறுமொழிக்கும் இடையிலிருந்த தாமதத்தில் கட்டுப்பாடு வழுக்கிப் போயிருந்தது. கட்டுப்பாட்டு அமைப்பை மாற்றி, டாக்ரான் துணியில் புதிய இறக்கை தைத்து, பாராசெவ் 1-ஏ என்று மறுபடி கட்டினார்கள். 1964 வரை அது பறந்தது. நீல் ஆம்ஸ்ட்ராங்கும் அதை ஓட்டினார்.

என்னைப் பொறுத்தவரை இந்த நேர்வுக்கு மிக நெருங்கிய முன்மாதிரி இதுவே. பத்து வினாடி ஊசலாட்டம் உள்ள இறக்கையைக் கையின் பழக்கத்தால் திருத்த முயன்றால், பீட்டர்சனுக்கு நேர்ந்த அதே பெருகும் ஆட்டம் வரும். அவர் பறந்த உயரம் மூன்று மீட்டராக இருந்தது அவருடைய அதிர்ஷ்டம் மட்டுமல்ல. படிப்படியாக ஏறுவது என்று திட்டமிட்டிருந்ததன் பலனும்கூட.

என்ன செய்யலாம்

தண்டோடும் நீளக் கயிற்றோடும் பட்டத்தை அப்படியே மோட்டாருக்கு மேல் பறக்கவிடுவதை நான் எந்த நிபந்தனையிலும் ஏற்கமாட்டேன். கப்பியைப் பூட்டிப் பறப்பதையும் ஏற்கமாட்டேன். பாராகிளைடரின் தோற்றத்தை மட்டும் அது தருகிறது. மிஞ்சுவது முழு மறுகட்டமைப்பு: முச்சை, கப்பி, பறப்புக் கயிறு எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, ஏ, பி, சி வரிசைகளோடு ஏழு மீட்டர் கயிற்றுத் தொகுதி, தனிப் பிரேக், ரைசர் என்று புதிதாகக் கட்டுவது. வால்வுகளைத் திறந்துவிட வேண்டியிருக்கும். பட்டங்களின் கையேடுகள் அவற்றைப் பாராகிளைடராகப் பயன்படுத்தக் கூடாது என்றே சொல்கின்றன; ஆகவே தயாரிப்பாளரின் உறுதி எதுவும் மிஞ்சாது.

அந்த மறுகட்டமைப்பைச் செய்தே தீருவேன் என்பவருக்குச் சோதனை வரிசை தெளிவு. முதலில் மிதமான, சீரான காற்றில் தரையில் நின்று தலைக்கு மேல் நிறுத்திப் பார்க்க வேண்டும்: கையை முழுவதும் விட்டபோது இறக்கை தலைக்கு மேலேயே நிற்கிறதா, முன்னே பாய்கிறதா, பின்னே விழுகிறதா? இந்தச் சோதனையில் தேறாத இறக்கைக்கு அடுத்தது எதுவும் இல்லை. தேறினால் மணல் மூட்டைகளைத் தொங்கவிட்டு ஆளில்லாமல் சுமைச் சோதனை. பிறகு எஞ்சின் இல்லாமல், பிரான்சின் பிலா மணல்மேடு போன்ற இடத்தின் அடிப்பகுதியில், கால் தரையைவிட்டு ஓரிரு மீட்டருக்கு மேல் எழாத சறுக்கல்கள். அதன் பிறகு ஏரிக்கு மேலே, மீட்புப் படகோடும் மிதவைச் சட்டையோடும், வேண்டுமென்றே மடிப்புகளை உண்டாக்கிப் பார்க்கும் பறப்பு. அவசரப் பாராசூட் கட்டாயம், இ.என். 12491 தரத்தில் அது வினாடிக்கு 5.5 மீட்டருக்கு மேல் வேகமாக இறங்கக் கூடாது. எஞ்சின் இவை எல்லாவற்றுக்கும் கடைசியில்தான், அதுவும் அரைத் த்ராட்டிலில்.

பட்டத்தின் குணத்தை வானத்தில் அனுபவிக்கும் ஆசை நியாயமானது. கைகளின் ஒரே அசைவில் தாக்குகோணம் முழுவதும் மாறுவதும், மணல்மேட்டை உரசியபடி வேகத்தைக் கூட்டிக் குறைப்பதும் பாராகிளைடரில் கிடைக்காத இன்பம். அந்த ஆசைக்கு வடிவமைப்பாளர்களே பதில் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். சுவிட்சர்லாந்தின் ஃப்ளேர் நிறுவனம் செய்யும் முஸ்டாஷ் போன்ற பாராகைட்கள் அந்த இடத்தில் பிறந்தவை. கட்டுப்பாட்டைப் பட்டத்திலிருந்து எடுத்துக்கொண்டு, துண்டுவடிவத்தையும் கயிற்றமைப்பையும் பறப்பவனுக்காக முதலிலிருந்து வரைந்திருக்கிறார்கள். தலைகீழ் வரிசை இது: பறக்கும் இறக்கையில் தொடங்கி, பட்டத்தின் குணத்தை அதற்குள் கொண்டுவருவது.

செலவையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் கேள்வி பெரும்பாலும் பணத்திலிருந்தே பிறக்கிறது. முழுக் கயிற்றுத் தொகுதி, ரைசர், கயிற்று நீளங்களை அளந்து சரிபார்க்கும் பட்டறைக் கூலி, ஏரிமேல் சோதனைக்கான படகு ஆகியவற்றைக் கூட்டினால், பரிசோதனைச் சான்றோடு கிடைக்கும் பழைய பாராமோட்டார் இறக்கை ஒன்றின் விலையை எளிதாக நெருங்கிவிடும். அந்தப் பழைய இறக்கையை வாங்குங்கள். 21 மீட்டர் பட்டத்தை மெல்லிய காற்றுள்ள கடற்கரைக்கே விட்டுவிடுங்கள்.